கைப்பட்டை வாங்கும்போது விலைக்கு முன் பசையைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரியில் மாணவர் மன்றப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் எங்கள் கலைவிழா. இரண்டு நாள் நடக்கும். வெளிக் கல்லூரிகளிலிருந்து சுமார் 3,000 மாணவர்கள் வருவார்கள். எங்கள் தன்னார்வலர்கள் 250 பேர், நடுவர்களும் கலைஞர்களுமாக 100 பேர். சென்ற ஆண்டு வாங்கிய ஒட்டும் கைப்பட்டைகளில் பாதி, மதியச் சாப்பாட்டுக்குள் அவிழ்ந்துவிட்டன. உள்ளே வந்தவர் கழற்றி, வெளியே நிற்கும் நண்பருக்கு மாட்டி அழைத்து வந்ததும் நடந்தது. இந்த ஆண்டு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் பேப்பர் பட்டை 2.20 ரூபாய் என்கிறார். இன்னொருவர் டைவெக் பட்டை 3.40 என்கிறார். மூன்றாமவர் துணிப் பட்டை 16 ரூபாய், சிப் வைத்தால் 55 என்கிறார். யாரிடம் கொடுப்பது?

பதில்: வணக்கம். மூன்று விலையும் மூன்று வேறு பொருளுக்குச் சொன்னவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை. முதலில் சென்ற ஆண்டு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். மிச்சப் பட்டைகள் ஏதாவது அலமாரியில் இருந்தால் எடுத்து வையுங்கள். அவிழ்ந்தவை ஒன்றிரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

அவிழ்ந்த பட்டையில் பசை வால் முனையிலேயே ஒட்டிக்கொண்டு, எதிர்ப் பக்கம் சுத்தமாக இருந்தால், பசை பிடிக்கவே இல்லை என்று பொருள். வியர்வை, எண்ணெய், தூசி படிந்திருக்கலாம். ஒட்டியவர் அழுத்தாமல் விட்டிருக்கலாம். ஒட்ட வேண்டிய இடத்தின் மேல் அச்சு மையோ வார்னிஷோ பூசப்பட்டிருக்கலாம். பட்டை நடுவில் கிழிந்திருந்தால் பொருளே மட்டம். முனையில் வெட்டுக் கோடுகள் வழியாகத் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தால், யாரோ கழற்ற முயன்றிருக்கிறார்கள். அங்கே பட்டை தன் வேலையைச் செய்திருக்கிறது. உங்கள் பட்டைகள் முழுசாகக் கழன்று இன்னொரு கைக்குப் போயிருக்கின்றன. அப்படியானால் அந்த வெட்டுக் கோடுகள் இல்லை, அல்லது பசைக்கு அவை கிழியும் அளவுக்குப் பிடிப்பு இல்லை.

இந்த வெட்டுக் கோடுகளை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான். ஸ்டிக்கர்ப் பசை, ஒட்டிய அந்த நொடியில் முழுப் பிடிப்பைத் தருவதில்லை. நேரம் போகப் போகத்தான் இறுகும். முதல் சில நிமிடங்களில், பசையை மட்டும் நம்பிய எந்தப் பட்டையையும் மெதுவாக உரித்துவிடலாம். மாணவர்கள் கழற்றி மாற்றுவதும் வாசலைத் தாண்டிய அந்தச் சில நிமிடங்களில்தான். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் ஒட்டும் முனையில் வளைவாகவோ சாய்வாகவோ சிறு வெட்டுகளை, டை எனப்படும் வெட்டும் அச்சால் போட்டு வைப்பார்கள். உரிக்க இழுத்தால் அந்த வெட்டு வழியே முனை பிய்ந்துபோகும். மறுபடி ஒட்டினாலும் பார்த்தவுடன் தெரியும். மாதிரி கையில் வந்ததும் ஒட்டும் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டு இல்லாத பட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நுழைவுக்கு உதவாது.

இனி பொருள். டைவெக் என்பது டூபாண்ட் நிறுவனத்தின் பெயர். பார்ப்பதற்குக் காகிதம் மாதிரி இருந்தாலும் அது காகிதமே இல்லை. மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைச் சூட்டில் ஒன்றாக அழுத்தியது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூல் நூலாகச் சுழன்று கிடக்கும் இழைகள் தெரியும். தண்ணீரில் ஊறாது. கையால் இழுத்துக் கிழிப்பது கடினம், கத்தரிக்கோலால் சுலபமாக வெட்டலாம். சந்தையில் டைவெக் என்று சொல்லி வேறு செயற்கைத் தாளையும், சில நேரம் பூச்சுப் பூசிய சாதாரணத் தாளையும் கொடுப்பவர்கள் உண்டு. 2.20 ரூபாய்க்காரர் "பேப்பர்" என்று சொல்வது எதை என்று கேளுங்கள். பலர் டைவெக்கையே பேச்சு வழக்கில் பேப்பர் பட்டை என்பார்கள், ஆகவே அந்தச் சொல்லை வைத்து அவரைத் தள்ளிவிட வேண்டாம். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் ஓரத்திலிருந்து கிழித்துப் பாருங்கள். காகிதமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

துணிப் பட்டை பல நாள் தாங்கும். குளித்தாலும் கவலை இல்லை. மாணவர்கள் அதை நினைவாகக் கையிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் உங்கள் 3,000 பேருக்கு அது தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: சேதாரத்துக்கும் சேர்த்து 3,300 துணிப் பட்டைக்கு 52,800 ரூபாய் ஆகும். டைவெக்கை முதல் நாளுக்கு ஒரு நிறம், இரண்டாம் நாளுக்கு வேறு நிறம் என்று 3,300 வீதம் இரண்டு தடவை வாங்கினாலும் 22,440 ரூபாய்தான். ஒரே டைவெக் பட்டையை இரண்டு நாளும் ஓட்டலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வெளியூர் மாணவர்கள் இரவு விடுதியில் தங்கி, காலையில் குளித்துவிட்டு வருவார்கள். வெந்நீரும் சோப்பும் பட்ட பசையை நம்பி ஒரு வாசலை நடத்த முடியாது. இரண்டாம் நாள் காலையில் பழைய பட்டையை வாசலிலேயே வெட்டி வாங்கிக்கொண்டு புதியதைக் கட்டுங்கள். பழைய பட்டையே அனுமதிச் சான்று, பதிவேட்டைத் திரும்பப் புரட்ட வேண்டாம். இரவில் கழற்றிக் கைமாற்றியதும் அங்கே பிடிபடும்.

துணியைத் தன்னார்வலர்களுக்கும் நடுவர்களுக்கும் மட்டும் வையுங்கள். 350 என்பது நெசவுக்குச் சின்ன எண்ணிக்கை. தறியில் ஏற்றும் செலவு மொத்தமும் அந்த 350-இன் மேல் விழும் என்பதால் 16 ரூபாய் என்று சொன்னவர், எண்ணிக்கையைக் கேட்டதும் விலையை ஏற்றலாம். அப்போது நெய்த பட்டைக்குப் பதில், பாலியெஸ்டர் நாடாவில் சப்ளிமேஷன் அச்சு, அதாவது சூட்டில் சாயம் ஏற்றும் அச்சுப் போட்ட பட்டை கேளுங்கள். குறைந்த எண்ணிக்கைக்கு அதுதான் கட்டுப்படியாகும். சின்ன எழுத்தும் அதில் தெளிவாக வரும். நெசவில் மெல்லிய கோடுகள் மங்கிப்போகும். திருப்பூர் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே பனியன் லேபிள் நெய்பவர்களிடமும் அச்சடிப்பவர்களிடமும் நேரில் போய்க் கேட்பது நல்லது. நாடா அவர்கள் தினமும் செய்யும் வேலை. நாடாவின் இரு முனையையும் சேர்த்துப் பூட்டும் மணியை மட்டும் தனியாக வாங்கிக் கோக்க வேண்டியிருக்கலாம்.

அந்தப் பூட்டு மணியில் ஒரு கவனம் வேண்டும். உள்ளே பல் வைத்த மணி ஒரு பக்கமாக மட்டும் நகரும், திரும்ப வராது. பல் இல்லாத மணி இரண்டு பக்கமும் நகரும். அது நகைக்கடைக் கயிற்றுக்குச் சரி, நுழைவுக்குச் சரியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பல் வைத்ததை இறுக்கிவிட்டால் தளர்த்த முடியாது என்பதால், இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். முதலுதவி மேசையில் ஒரு கத்தரிக்கோல் கட்டாயம் இருக்கட்டும். நாடா முனையைச் சூட்டில் உருக்கி வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மதியத்துக்குள் நூல் பிரியும்.

சிலிக்கான் வளையம் யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 202 மி.மீ. சுற்றளவு, கையை ஒடுக்கி உருவினால் கழன்றுவிடும். பரிசாகக் கொடுக்க நல்லது, நுழைவுக்கு அல்ல.

சிப் வைத்த பட்டையும் உங்களுக்கு வேண்டியதில்லை. விழாவுக்குள் சாப்பாட்டுக் கடைகளில் ரொக்கமில்லாக் கட்டண முறை நடத்தினால் அதற்கு அர்த்தம் உண்டு. வாசலில் ஆள் நின்று நிறம் பார்ப்பதற்கு அது வீண் செலவு. வருங்காலத்தில் வாங்க நேர்ந்தால் இரண்டை மட்டும் கேளுங்கள். சிப் எந்த வகை? ஒவ்வொரு சிப்பின் தனி எண்ணும், பட்டை மேல் அச்சிட்ட எண்ணும் ஜோடியாக எக்செல் கோப்பில் தருவார்களா? அந்தக் கோப்பு இல்லாமல் வரும் சிப், நூற்றுக்கணக்கில் ஒவ்வொன்றாக நீங்களே தொட்டுப் பதிய வேண்டிய சுமைதான்.

விலைக்கு வருவோம். 2.20-க்கும் 3.40-க்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் சொல்லாமல் விட்டவற்றில் இருக்கும். மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

"டைவெக் கைப்பட்டை, அகலம் 19 மி.மீ., நீளம் 250 மி.மீ., ஒட்டும் முனையில் பாதுகாப்பு வெட்டு. இரண்டு நிறம், நிறத்துக்கு 3,300. ஒரு வண்ண அச்சு, எங்கள் வடிவமைப்பு. ஒவ்வொரு நிறத்திலும் 0001 முதல் 3300 வரை தொடர் எண், அச்சிலேயே. பிளேட் அல்லது செட்டிங் கட்டணம், எண் கட்டணம், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்துக் கோவையில் இறக்கும் விலை என்ன? எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ எத்தனை சதவீதம் வரை, அதற்குக் காசு எப்படி? விடுபட்ட எண்களின் பட்டியல் தருவீர்களா? ப்ரூஃபுக்கு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படிக்கு) ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் அனுப்புவீர்கள்? இதே பொருளில் 20 மாதிரிப் பட்டைகள் அனுப்ப முடியுமா, கட்டணம் எவ்வளவு?"

பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். விடுபட்ட எண் என்ன என்று கேட்டதும் புரிந்து பதில் சொல்பவர் இந்த வேலையைச் செய்து பழகியவர். அச்சு இயந்திரத்தில் சில தாள்கள் கெட்டுப்போவது இயல்பு. கெட்டுப்போன தாளில் இருந்த எண்களை மறுபடி அடிப்பவர்களும் உண்டு, அப்படியே விட்டுவிட்டுப் பட்டியல் கொடுப்பவர்களும் உண்டு. மறுபடி அடித்தால் பழைய தாள் கிழித்து அழிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. குப்பையில் போன ஒரு தாளில் பத்துப் பட்டை இருக்கலாம், அவை உங்கள் வாசலுக்கே திரும்பி வரலாம். எண்ணே இல்லாமல், வெறும் நிறத்தில் பெயர் மட்டும் அடித்து வாங்குவது இன்னும் ஆபத்து. வெற்று நிறப் பட்டைகளை இணையக் கடைகளில் யார் வேண்டுமானாலும் நூறு நூறாக வாங்கலாம்.

நேரடித் தயாரிப்பாளரா, இடைத்தரகரா என்று பலர் முதலில் கேட்பார்கள். அதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை. உள்ளூரில் இருந்து, தவறு வந்தால் மறுநாளே வந்து நின்று சரி செய்யும் இடைத்தரகர், தொலைபேசியை எடுக்காத தயாரிப்பாளரைவிட மேல். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எண் அடிப்பது அவர்களுடைய இயந்திரத்திலா, வெளியில் கொடுத்தா? வெளியில் கொடுத்தால் தேதிக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் சிவகாசிக்குப் போகிறது என்றால் எந்த மாதம் என்பதையும் பாருங்கள். ஆடிப்பெருக்கில் தொடங்கும் காலண்டர் வேலை டிசம்பர் வரை இயந்திரங்களை விடாது, சின்ன ஆர்டர்கள் ஓரமாய்க் காத்திருக்கும்.

மாதிரி வந்ததும் மேசையில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஐந்து மாணவர் கையில் கட்டுங்கள். ஒருவர் மைதானத்தில் விளையாடுபவராக இருக்கட்டும், ஒருவர் தேங்காயெண்ணெய் தேய்ப்பவர், ஒருவர் அன்றிரவு குளிக்கட்டும். இன்னும் இருவர் கட்டிய ஒரு நிமிடத்திலும், ஒரு மணி நேரத்திலும் நகத்தால் நோண்டி உரிக்க முயலட்டும். முழுசாகக் கழன்றால் அந்தப் பட்டை தோல்வி. அச்சு மையின் மேல் சானிட்டைசர் நனைத்த துணியால் இருபது முறை தேய்த்துப் பாருங்கள், எண் அழியக் கூடாது. மாதிரி வெற்றுப் பட்டையாக வந்தால் அச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பழைய ஆர்டரில் மிஞ்சிய, அச்சும் எண்ணும் போட்ட பட்டை இரண்டையாவது கேட்டு வாங்குங்கள்.

வடிவமைப்பில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பல அச்சகங்களில் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு ஓடும். நீங்கள் யூனிகோடில் அனுப்பிய எழுத்து அங்கே திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" என்பது பிரிந்து கிடக்கும். பாமினி எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு அங்கே இல்லாதபோது ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ப்ரூஃப் வந்ததும் தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் எழுத்து எழுத்தாகப் பார்க்கட்டும். அச்சிடுபவர் வெளி மாநிலத்தவராக இருந்தால் அவர் கண்ணில் பிழை படாது. எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். 9 புள்ளிக்குக் கீழே போகாமல், கொஞ்சம் தடித்த எழுத்தாக வையுங்கள். பட்டையின் நிறம் மையின் நிறத்தை மாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்: மஞ்சள் பட்டையில் நீல மை பச்சைச் சாயலாகத் தெரியும். கறுப்பு மைதான் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு.

இரண்டு நாளுக்கும் தெரிவு செய்யும் நிறங்களை மேடை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சும் இரவு விளக்கில் ஒன்றாகிவிடும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் வாசலில் நிற்கக்கூடும். மஞ்சளும் அடர் நீலமும் நல்ல ஜோடி, ஆனால் அடர் நீலத்தில் கறுப்பு அச்சுத் தெரியாது. மஞ்சளும் வெளிர் நீலமும் எடுத்து, "1", "2" என்ற இலக்கத்தைப் பட்டையின் முழு அகலத்துக்குப் போடுங்கள். நிறத்தை விழா நாள் காலை வரை யாருக்கும் சொல்ல வேண்டாம். தன்னார்வலர் ஒருவர் ஆர்வத்தில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் அந்த நிறத்தின் ரகசியம் அதோடு போயிற்று.

கியூஆர் குறியீடு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாப் பட்டையிலும் ஒரே குறியீடு என்றால் அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் தனிக் குறியீடு போட்டு, ஒரு முறை ஸ்கேன் ஆனதும் செயலி அதை மூடிவிட்டால் பயன் உண்டு. அப்படிப் போட்டால் உள்ளே நீண்ட இணைய முகவரியைத் திணிக்காமல், பட்டை எண்ணை மட்டும் வையுங்கள். அப்போது மிகச் சிறிய வகையான, பக்கத்துக்கு 21 கட்டம் கொண்ட குறியீடே போதும். சுற்றிலும் நான்கு நான்கு கட்டம் வெற்றிடம் விட்டால் மொத்தம் 29 கட்டம். கட்டம் அரை மி.மீ. என்றால் 14.5 மி.மீ.; 19 மி.மீ. பட்டையில் அடங்கும். நீண்ட முகவரி வைத்தால் கட்டங்கள் பெருகிப் பொடிப்பொடியாகி, வளைந்த மணிக்கட்டில் கைபேசி படிக்கத் திணறும். வாசலில் வரிசை நின்றுபோகும்.

ஐந்து வாரம் போதும், ஆனால் வீணாக்க இடமில்லை. இந்த வாரமே மாதிரி கேட்டு வாங்குங்கள், அடுத்த வாரத்துக்குள் சோதித்து ஆர்டரும் ப்ரூஃபும் முடியட்டும். மூன்றாம் வாரம் அச்சு. நான்காம் வாரத் தொடக்கத்தில் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் அந்தத் தேதியை எழுதுங்கள். பாதி முன்பணம் கேட்பது வழக்கம். மீதியை, பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தபின் தருவதாகப் பேசுங்கள். ஒப்பவில்லையென்றால் அனுப்பும் முன் எண் தெரியும்படி தாள்களின் படம் கேளுங்கள். வந்தவுடன் ஒவ்வொரு கட்டிலும் முதல் எண், கடைசி எண் பார்த்துக் குறித்து வையுங்கள். பெட்டியைக் கார் டிக்கியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைக்க வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும்.

வாசலில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற ஆண்டுத் தவறில் ஒரு பங்கு அங்கேயும் இருக்கக்கூடும். கட்டும் முன் மணிக்கட்டைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். பசை மேல் விரல் படாமல் பின்தாளை உரித்து, ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டி, ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். முடியில் பசை படாமல் இருக்கட்டும். எல்லாருக்கும் இடது கையிலேயே கட்டுங்கள். நம் மாணவர்கள் வலது கையால் சாப்பிட்டுக் கழுவுவார்கள், அந்தக் கையில் பட்டை நனைந்துகொண்டே இருக்கும். சோதிப்பவருக்கும் ஒரே கையைப் பார்த்தால் போதும். தப்பாக ஒட்டியதைத் தூக்கி எறியாமல் ஒரு தாளில் ஒட்டி எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். மாலையில் கொடுத்தது, கெட்டது, மீந்தது மூன்றையும் கூட்டினால் வாங்கிய எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அன்றிரவே எந்த மேசை என்று தேடிப் பிடித்துவிடலாம்.

3.40 ரூபாய்க்காரரின் மாதிரி சோதனையில் தேறினால் டைவெக் பட்டை மொத்தத்தையும் அவரிடமே கொடுங்கள். 2.20-க்காரருடையதும் அதே சோதனையில் தேறி, எண்ணும் ஜிஎஸ்டியும் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால் அவரிடம் கொடுப்பதில் தவறில்லை. வெளியேறும் வழியில் இரண்டு கத்தரிக்கோலும் ஒரு தனிக் குப்பைத் தொட்டியும் வையுங்கள். டைவெக் பிளாஸ்டிக் என்பதால் வளாகத்தின் காகிதக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.